சொர்ணம்மா வண்டிக்கு ஆதரவாக ஒரு கண்டனக் கூட்டம்

கலைஞர்கள் அரசியலுக்கு வந்தே தீர வேண்டும். வராத கலைஞனின் பேனாவை வரலாறு பிடுங்கிக்கொள்ளும். தூரிகையைச் சுண்ணாம்பு அடிக்கக் கொடுத்துவிடும். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு பெங்களூர் தொம்மலூரில் நடந்த ஒரு மகத்தான அரசியல் தலையீட்டில் நேரடியாகப் பங்கேற்று, பொன்னாடையும் வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

எங்கள் அமைப்பின் பெயர் 'கங்கு கலை இலக்கியப் பேரவை'. பேரவை என்றால் நான்கு பேர். தலைவர் சந்திரன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தர மேலாளர். எரிதழல் என்ற பெயரில் கவிதை எழுதுவார். அவர் கவிதைகளில் பல அரசுகள் கவிழ்ந்திருக்கின்றன. அலுவலகத்தில், அமெரிக்கா போகிறவர்கள் வரிசையிலிருந்து தான் கவிழ்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்வார். செயலாளர் வித்யாலட்சுமி வங்கி அதிகாரி. பகலெல்லாம் வாடிக்கையாளர்களைக் கண்டித்துப் பழகிய குரல் என்பதால் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்க அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. ஹெர்பர்ட், விவேக் நகர்க்காரர், பள்ளியில் ஓவிய ஆசிரியர். பசியை வரைவதில் வல்லவர். ஆறடிக்குக் குறைந்த துணியில் பசியை அடக்க முடியாது என்பது அவர் கொள்கை.

நான்காவது ஆள் நான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. பத்திரிகைகளில் அங்கதம் எழுதுகிறவன். அங்கதக்காரனுக்குச் சொந்தமாக ஒரு நிலைப்பாடு தேவையில்லை. அடுத்தவர் நிலைப்பாட்டில் ஓட்டை தேடினால் போதும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மழையில் போகிறவர்களின் குடையைக் குறை சொல்லும் சௌகரியம் இந்தத் துறையில் உண்டு.

'கங்கு' சும்மா இருந்த அமைப்பு அல்ல. தென் அமெரிக்க சர்வாதிகாரி ஒருவரைக் கடுமையாக எச்சரித்தோம். அவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குக் கெடு விதித்தோம். பதில் வரவில்லை, பயந்திருப்பார்கள். பெங்களூரில் நடப்பவற்றை மட்டும் தொடுவதில்லை. அது கோழைத்தனம் அல்ல, 'அழகியல் தூரம்'. தண்ணீர்ப் பங்கீட்டுத் தகராறில் தமிழர் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்ட வாரங்களில்கூட நாங்கள் ஸ்பானியக் கவிதைகளின் ஓசை நயம் பற்றித்தான் விவாதித்தோம். அதையும் மெல்லிய குரலில், பாதி கன்னடத்தில்.

ஞாயிறு காலைகளில் பேரவை கூடும் இடம், தொம்மலூரில் ஒரு மூலை. ஒரு பக்கம் பழைய ஊரின் சந்து. மறு பக்கம் புதிதாக எழுந்த கண்ணாடிக் கட்டடம். நடுவே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் சொர்ணம்மாவின் இட்லி வண்டி. சொர்ணம்மா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், வாயாடி, சட்னியில் தண்ணீரைத் தாராளமாகவும் தேங்காயைச் சிக்கனமாகவும் சேர்ப்பவர். எங்கள் எல்லா உலகளாவிய தீர்மானங்களும் அந்தச் சட்னி உலர்வதற்குள் நிறைவேறியவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விவாதப் பொருள்: கலைஞனுக்கு அரசியல் என்பது கடமையா, உரிமையா?

"கடமைதான்," என்றார் வித்யாலட்சுமி. "இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது."

"கடமைன்னா அதுக்கு ஒரு டெட்லைன் வேணும் மேடம்," என்றார் சந்திரன். "யாரு ஓனர், எப்ப டெலிவரி, இதெல்லாம் இல்லாம கடமைன்னு சொன்னா அது வெறும் விஷ்."

"கலைஞன் இருக்கறதே அரசியல்தான்," என்றார் ஹெர்பர்ட்.

"அப்படின்னா நீங்க தூங்கறப்போ?" என்றார் சந்திரன்.

"அப்பவும்தான். எதிர்ப்பு அரசியல்."

சொர்ணம்மா நீர் சொட்டும் கையோடு வந்து நின்றார். "இன்னா சார், இன்னும் முடியலயா? தட்ட வச்சிட்டீங்கன்னா கழுவிடுவேன். அப்புறம் கைய ஆட்டி எவ்ளோ வேணா பேசிக்குங்க."

தட்டுகளை ஒப்படைத்தோம். அவர் போகவில்லை.

"அரசியலு அரசியலுன்றீங்களே, எனக்கு ஒண்ணு செய்யுங்க. இந்தக் கண்ணாடி பில்டிங்காரனுக்கு இங்க வாசக் கேட்டு வக்கணுமாம். நம்ம வார்டு கார்ப்பரேட்டர் ஆளு மூணு வருசமா லாரி எடுத்துகினு வரான். நான் நவுரல. வண்டியும் ஆளும் நின்னுகினு இருந்தா ஒண்ணியும் பண்ண முடியாது. ஒரு நாளு எடம் காலியா இருந்தா கம்பிய நட்டுட்டுப் போயிடுவான். அதுக்கோசரம் எந்தம்பி கல்யாணத்துக்கே போவல சார் நானு. போட்டோலதான் பாத்தேன். அவளும் ஒண்ணும் பெரிய அழகியில்ல, அது வேற."

"இப்ப என்ன பிரச்சினை?" என்றார் சந்திரன்.

"வர்ற வெள்ளிக்கெழம போலீசோட வரானாம். நீங்க நாலு பேரும் காலீல வந்து நின்னு இட்லி துன்னீங்கன்னா போதும். பேண்ட்டு சட்ட போட்டவங்க துன்னுகினு இருக்கற வண்டிய எவனும் தூக்க மாட்டான். எனக்கு பொழப்பு இது ஒண்ணுதான். இந்த மூலய உட்டா ஊர்ல எனக்கு நிக்க எடம் கெடயாது."

அவர் தட்டுகளைக் கழுவப் போனார். அநீதி முதல் முறையாக எங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் சந்தித்திருந்தது. எங்களுக்குப் பழக்கமில்லாத தூரம்.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்டேட்டஸ் மீட்டிங்," என்றார் சந்திரன். அவர் நிறுவனம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் இருந்தது. அதை அவர் குறிப்பிடவில்லை. நாங்களும் நாகரிகம் கருதிக் குறிப்பிடவில்லை.

"போய் நின்னு இட்லி சாப்பிட்டா அது தனிமனித உதவி," என்றார் வித்யாலட்சுமி. "அரசியல் ஆகாது. நாம அமைப்பு ரீதியா தலையிடணும்."

"சும்மா நிக்கறதுல வடிவமே இல்லையே," என்றார் ஹெர்பர்ட்.

என் பங்குக்கு நானும் ஒரு நுட்பமான கருத்தைச் சொன்னேன். "இட்லி தின்பதைப் போராட்டம் என்று அறிவித்துவிட்டால், இத்தனை வருஷம் தின்றதற்கு என்ன பெயர்?" எல்லோரும் சிரித்தார்கள். அங்கதத்தின் சமூகப் பயன் இதுதான்: ஒரு காரியம் நடக்கவிருக்கும் தறுவாயில் எல்லோரையும் சிரிக்க வைத்து உட்கார வைத்துவிடும்.

ஆக, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை லாரி வருவதற்கு முன்பாக, வியாழன் மாலையே, அதே மூலையில், 'கங்கு' சார்பில் மாபெரும் கண்டனக் கூட்டம். கவிதை, உரைவீச்சு, நாடகம். லாரிக்காரன் மறுநாள் வெட்கப்பட்டு வராமலே போய்விடுவான் என்று கணக்கிட்டோம்.

பெங்களூரில் தமிழர்கள் கூட்டம் போடுவதற்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. பதாகையில் கன்னடம் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். வரவேற்புரையின் முதல் நாலு வரி கன்னடத்தில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமை தாங்க உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வேண்டும். தலைமைக்குப் பிரமுகர் இல்லாவிட்டால் அது கூட்டம் அல்ல, கும்பல். கும்பல் என்றால் போலீஸ் வரும். இத்தனை வருடங்களில் இந்த இலக்கணத்தை நாங்கள் ஒரு முறைகூட மீறியதில்லை. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கவும் பிரமுகரின் சிபாரிசு தேவை. எங்கள் வார்டில் பிரமுகர் என்றால் ஒருவர்தான். மாநகராட்சி உறுப்பினர், அதாவது கார்ப்பரேட்டர், கெம்பண்ணா.

"அவரைத்தானே கண்டிக்கிறோம்?" என்று ஹெர்பர்ட் கேட்டார்.

"கண்டிக்கறது உள்ளடக்கம். தலைமை தாங்கறது வடிவம்," என்றார் வித்யாலட்சுமி. ஹெர்பர்ட் உடனே தலையாட்டினார். வடிவம் என்ற சொல்லுக்கு அவரால் எதிர்த்துப் பேச முடியாது.

கெம்பண்ணா எங்களை அன்போடு வரவேற்றார். தமிழ் வாக்குகளால் வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"பர்ரி, பர்ரி. கூட்டமா? பஹள சந்தோஷா. யார கண்டிக்கறீங்க?"

மூன்று பேரும் வித்யாலட்சுமியைப் பார்த்தோம்.

"பொதுவா," என்றார் வித்யாலட்சுமி. "அதிகாரத்த."

"அதிகாரானா? கண்டிக்கலே பேக்கு, கண்டிக்கணும். நானும் கண்டிக்கறேன். எந்த எடம்?"

"மரத்தடி மூலை," என்றேன் நான்.

கெம்பண்ணா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எங்களுக்குக் காபி சொன்னார். அது வந்ததும், பாதாம் பால் சொன்னார். கலையை இத்தனை மதிக்கும் மனிதரை எப்படிக் கண்டிப்பது என்று எங்களுக்கே கூச்சமாகிவிட்டது.

"அங்க வண்டி ஒண்ணு இருக்கல்லா," என்றார் மிக மெதுவாக. "மேடை போடணும்னா அது இருக்கக்கூடாது. நான் சொன்னா அந்த அம்மா கேக்கல்ல. வாய்க்கு பந்த மாதிரி திட்டுது. நீங்க சொல்லிப் பாருங்க, நோடி."

"அது எங்கள் பொறுப்பு," என்றேன். கொள்முதல் அதிகாரியின் நாக்கு. வாக்குறுதிகள் தானாகவே விழும்.

மறுநாள் காலை ஹெர்பர்ட்டை அழைத்துக்கொண்டு சொர்ணம்மாவிடம் தூது போனேன். பேச்சுவார்த்தையின் விவரத்தை வருங்கால ஆய்வாளர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

"வண்டிய நவுத்தறதா? இன்னா சார் வெளாடறியா?"

"பக்கத்துச் சந்துக்குத்தான்மா. ஒரே ஒரு சாயங்காலம்."

"என் வண்டிக்காகத்தான கூட்டம்? வண்டியே இல்லாம இன்னா கூட்டம்?"

"மேடையில வண்டி இருக்கும். ஹெர்பர்ட் சார் தெர்மோகோல்ல செய்றாரு."

"நெஜ வண்டி நின்னுகினு இருக்குது. அவரு எதுக்கு செய்யறாரு?"

"உங்களுது வெறும் வண்டிம்மா," என்றார் ஹெர்பர்ட் பொறுமையாக. "நான் செய்யறது குறியீடு."

"அதுல இட்லி வேவுமா?"

"வேகாது."

"அப்ப சரி. நம்ம யாவாரத்துக்கு போட்டியில்ல." பிறகு முகம் மாறியது. "யாரு தலமை?"

சொன்னேன்.

"அந்தாளா? அவன்தான சார் லாரிய அனுப்பறதே."

இங்கேதான் என் முப்பதாண்டு எழுத்துப் பயிற்சி கைகொடுத்தது. "அதனாலதான்மா. அவரை மேடையில உட்கார வச்சு, மூஞ்சிக்கு நேரா கண்டிக்கப் போறோம். எழுந்து போகவும் முடியாது, கழுத்துல மாலை இருக்கும்."

சொர்ணம்மாவின் கண்கள் மின்னின. "மூஞ்சிக்கு நேராவா?"

"நேரா."

"ஜனங்க முன்னாடியா?"

"மைக்குல."

கரண்டியைக் கீழே வைத்தார். "என்னிய முன்னாடி வரிசைல உக்கார வய்யி சார். அவன் மூஞ்சி போற போக்க நான் கிட்டத்துல பாக்கணும்." தம்பி கல்யாணத்துக்கும் அசையாத வண்டி, வியாழன் பிற்பகல் சந்துக்குள் உருண்டு போனது. நானே பின்னாலிருந்து தள்ளினேன். பின்னாளில் என்னைக் களத்தில் இறங்காதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கூட்டம் கண்கொள்ளாக் காட்சி. எங்கள் பதாகையில் கன்னடம் மேலே இருந்தது. தமிழைத் தேடினால் கிடைத்தது. மேடை நடுவே ஹெர்பர்ட்டின் தெர்மோகோல் வண்டி வெள்ளை வெளேரென்று, அசல் வண்டியைவிட மூன்று மடங்கு பெரிதாக நின்றது. முதல் வரிசையில் சொர்ணம்மா, மடிப்புக் கலையாத மாம்பழக் கலர்ப் புடவையில்.

நான் வரவேற்புரை நிகழ்த்தினேன். கையில் மைக், மேடையில் கெம்பண்ணா, அவர் கழுத்தில் மாலை. பழக்க தோஷத்தில் 'ஏழைகளின் தோழர்', 'தொம்மலூரின் தூண்' ஆகிய இரண்டு பட்டங்கள் என் வாயிலிருந்து வந்துவிட்டன. விருந்தாளியை வாசலிலேயே கண்டிப்பது நம் பண்பாடு அல்ல; அடுத்துப் பேசுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

அடுத்துச் சந்திரன். "கண்ணாடிக் கோபுரமே, உன்னைக் கல்லால் அடிப்போம்" என்று தொடங்கிய கவிதை அது. அவருடைய தர ஆய்வு முறைப்படி அது மூன்று சுற்றுத் திருத்தங்களைத் தாண்டி வந்திருந்தது. மேடையில் இப்படி ஒலித்தது: "கண்ணாடிக் கோபுரமே, உன்னில் என் முகம் பார்த்தேன்."

வித்யாலட்சுமியின் உரைவீச்சு நெருப்பு. "சிலர், சில இடங்களில், சில நேரங்களில், சிலருக்கு எதிராகச் சிலவற்றைச் செய்கிறார்கள். இதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்று எல்லோரும் கைதட்டினோம். கெம்பண்ணா எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

சொர்ணம்மா, பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்ட என் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டார். "எப்ப சார் திட்டுவீங்க?"

"இப்ப திட்டினாங்களே."

"யார?"

"பொறுங்க. நாடகம் இருக்கு."

நாடகத்தில் லாரி வேடம் கட்டிய ஹெர்பர்ட்டின் மாணவர், முதல் வரிசையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் இருப்பதைப் பார்த்துவிட்டு, லாரியை யானையாக மாற்றிக்கொண்டார். அந்த யானை வண்டியைச் சுற்றி வந்து வணங்கிவிட்டுப் போனது. பன்முக வாசிப்புக்கு இடம் தரும் முடிவு என்று பிறகு ஹெர்பர்ட் விளக்கினார்.

நிறைவாகத் தலைமையுரை. கெம்பண்ணா மைசூர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உருகினார். "கலாவிதரு அரசியலுக்கு வரணும். ஏன் வரணும்? நான் மூணு வருஷமா செய்ய முடியாத கெலசத்த இவங்க ஒரே சாயங்காலத்துல செஞ்சு காட்டிட்டாங்க. இவங்க பாதத்துக்கு நமஸ்காரா." நாங்கள் நெகிழ்ந்து கைதட்டினோம். நாட்டின் அதிகார வர்க்கம் கலையின் வலிமையை இத்தனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொர்ணம்மாவும் தட்டினார். பந்தல் காலையில்தான் பிரிப்பார்கள் என்றதால், வண்டியைச் சந்திலேயே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

லாரி சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தது. வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. இரும்புக் கம்பிகளை இறக்குவதற்கு. பந்தலுக்கு நாங்கள் தோண்டியிருந்த குழிகளிலேயே கம்பிகளை நட்டார்கள். எங்கள் உழைப்பில் ஒரு சாணும் வீணாகவில்லை. சொர்ணம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சீருடைக் காவலாளி ஒருவரையும் நிறுத்தியிருந்தார்கள். எந்த அசம்பாவிதமும் இல்லை. நேற்றுவரை அங்கே யாரும் இருந்ததில்லை என்று காவலாளி சொன்னாராம். அவர் வேலைக்குச் சேர்ந்ததே அன்றைக்குத்தான்.

ஏழைகளை அகற்றிவிட்டார்கள் என்று சில விஷமிகள் பிரச்சாரம் செய்தார்கள். பொய். வண்டி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில், விளக்கு வெளிச்சத்தில், தூசு படாமல். கீழே பித்தளைத் தகட்டில் ஹெர்பர்ட்டின் பெயர். சந்திரன் அமெரிக்கா போவதற்கு முன் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வித்யாலட்சுமி கம்பிவேலியைக் கண்டித்து ஒரு கவிதை எழுதினார். கம்பிவேலி அதில் மனித மனத்தின் குறியீடாக வருகிறது.

சொர்ணம்மாவைச் சில வாரங்கள் கழித்துச் சந்து முனையில் பார்த்தேன். ஒரு கடைக்காரர் "முந்தே ஓகம்மா" என்று விரட்ட, அடுத்த கடைக்காரர் அதையே தமிழில் சொல்ல, வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற அடுப்பில் இட்லி எப்படி வேகும் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"மூணு வருசம் லாரி எடுத்துகினு வந்தான் சார். நவுரல நானு. நீ வந்து சிரிச்சிகினே சொன்ன, நவுந்துட்டேன்."

"இது இத்தோட முடியலம்மா," என்றேன். என் கை வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. "இதை நான் எழுதப் போறேன். ஒருத்தரையும் விடப் போறதில்ல. என்னையும் சேர்த்து. ஊரே சிரிக்கும்."

சொர்ணம்மா இட்லிப் பானையின் மூடியை அழுத்தி வைத்தார். பிறகு வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

"எழுது, எழுது. எழுதி, அதுக்கும் அவனையே தலமைக்குக் கூப்புடு."

அரசியல் விழிப்புணர்ச்சி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். எளிய மனிதர்களின் ஆலோசனையைக் கலைஞன் ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. நீங்கள் இப்போது வாசித்து முடிக்கப்போகும் இந்தக் கதை இடம்பெறும் என் அங்கதத் தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கெம்பண்ணா பெரிய மனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். கதையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தார். இடமும் அவரே பார்த்துக் கொடுத்துவிட்டார். விவேக் நகரில், தேவாலயத்தின் பக்கத்தில், நல்ல அகலமான மூலை. மெழுகுவத்தி விற்கிற மௌரீன் என்ற ஓர் அம்மா மட்டும் நெடுங்காலமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாராம், யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டாராம்.

நாளைக் காலையில் நான் போய்ப் பேசுகிறேன்.